முதல் பத்தியில் சொன்ன விலை

எங்கள் கடையில் எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு கிடையாது. பழைய கட்டில், பீரோ, மேசை, நாற்காலி இவற்றை வாங்கி, ஆடுகிற காலை இறுக்கி, மெருகு போட்டு விற்கிற கடை. விலை அப்பாவின் வாய்க்குள் இருக்கும். வந்தவரின் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் அது வெளியே வருவதா வேண்டாமா என்று யோசிக்கும்.

"இந்த பீரோ எவ்வளவுங்க?" என்று கேட்டால், "உக்காருங்க, வீடு எந்தப் பக்கம்?" என்பார். மாடியா, கீழ்த்தளமா, படி அகலமா, வீட்டில் எத்தனை பேர் என்று விசாரணை நீளும். வந்தவர் மனத்துக்குள் அந்த பீரோவில் துணிமணியெல்லாம் அடுக்கி, கதவைச் சாத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு ஒரு தொகை வரும். அதுவும் சொல்கிற விலைதான். கொடுக்கிற விலை அதற்குப் பிறகு, ரொம்பப் பின்னால், இரண்டு பேரும் களைத்துப்போன இடத்தில் இருக்கும்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண்ணை முதலாண்டுக் கட்டுரை வகுப்பில் சேர்ப்பதற்கு முன் கல்லூரிக்காரர்கள் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

நான் கல்லூரிக்குப் போனதே ஒரு பேரத்தில்தான். முழுப் படிப்பும் வேண்டும் என்று நான் கேட்டேன். படிப்பே வேண்டாம் என்றார் அப்பா. அடுத்த தெருவில் இரண்டாவது கடை போட இடம் பார்த்து வைத்திருந்தார், அதில் என்னை உட்கார வைக்க நினைத்தார். சித்தப்பாவை நம்பி விட முடியாது. வாங்க வந்தவர் பெருமூச்சு விட்டாலே விலையைக் குறைத்துவிடுகிற ஆள் அவர். பேசிப் பேசி ஒரு பருவத்தில் வந்து நின்றோம்.

"ஒரு பருவம் போ. எல்லாப் பாடத்துலயும் பாஸானா மேல பேசிக்கலாம். ஒண்ணுல போனாலும் நேரா கல்லாவுக்கு வந்துடணும்" என்றார் அப்பா.

"சனி ஞாயிறு கடைக்கு வர மாட்டேன். படிக்கணும்" என்றேன்.

"சரி, ஒழி" என்றார். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் இனாமாக வாங்கியதில்லை. எனக்கு மட்டும் வாரக் கடைசி இனாமாகக் கிடைத்தது.

மற்றப் பாடங்கள் எல்லாம் படித்தால் வந்தன. கட்டுரை வகுப்புதான் காலை வாரியது. அதை நடத்திய விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆதாரம். காலையில் ஒருவன் "இன்னிக்கு வெயில் அதிகம் மேடம்" என்று சொன்னால்கூட, "ஆதாரம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மின்விசிறியைப் போடச் சொல்வார்.

என் முதல் கட்டுரையை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதுல உன் மையக் கருத்து எங்கம்மா?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு மேடம், கீழ."

"முதல் பத்தியில வரணும்னு சொன்னேன்ல?"

"முதல்லயே சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு மேடம் உள்ள வருவாங்க?"

வகுப்பு சிரித்தது. ஆதாரம் சிரிக்கவில்லை. அந்தக் கட்டுரை தேறவில்லை.

இரண்டாவது கட்டுரை தேர்வுகளைப் பற்றியது. வாராவாரம் வைக்கிற சின்னத் தேர்வு தேவையில்லை என்பது என் எண்ணம். இந்த முறை புத்தியாக நடந்துகொண்டேன். மையக் கருத்தை முதல் பத்தியிலேயே வைத்தேன். ஆனால் வாராந்தரத் தேர்வை ஒழிக்க வேண்டும் என்று கேட்டால் அதில் பாதிதானே கிடைக்கும்? அதனால், 'உலகத்தில் உள்ள எல்லாத் தேர்வுகளையும் உடனே ஒழிக்க வேண்டும்' என்று தொடங்கினேன். இரண்டாம் பத்தியில் மருத்துவர்களுக்கு மட்டும் தேர்வு இருக்கட்டும் என்று இறங்கினேன். அடுத்ததில் ஓட்டுநர்களுக்கு விட்டுக்கொடுத்தேன். முடிவுரையில், வாராந்தரத் தேர்வை எடுத்துவிட்டால் போதும், மற்றதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாக முடித்தேன்.

"ஆரம்பத்துல ஒண்ணு சொல்ற, முடிவுல வேற சொல்ற. எது உன் கருத்து?" என்றார் ஆதாரம்.

"ரெண்டாவது மேடம். முதல்ல சொன்னது நீங்க குறைக்கறதுக்கு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க வீட்டுல என்ன பண்றாங்க?"

சொன்னேன்.

"அதான்" என்றார். அந்தக் கட்டுரையும் தேறவில்லை.

மிச்சம் இருந்தது கடைசிக் கட்டுரை. அதில் நல்ல மதிப்பெண் வந்தால் தேறலாம், இல்லாவிட்டால் கல்லா. தலைப்பை நாங்களே தேர்ந்துகொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான். எதிர்த்தரப்பு வாதத்தை, அந்தத் தரப்பு ஆளே படித்துவிட்டு 'நான் சொல்ல நினைத்தது இதுதான்' என்று ஒத்துக்கொள்கிற அளவுக்கு வலுவாக எழுத வேண்டும்.

"உனக்கு ஏதாவது போனா வலிக்கிற விஷயமா எடு. அப்பத்தான் விலை ஏத்தி இறக்கி விளையாட மாட்ட" என்றார் ஆதாரம்.

போனால் வலிக்கிற விஷயம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. 'நான் கல்லூரியில் தொடர வேண்டும்' என்று தலைப்பு வைத்தேன். எதிர்த்தரப்பு எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்ததால் தேடி அலையும் வேலை இல்லை. நேர்காணலும் ஆதாரம்தான் என்று ஆதாரமே சொல்லியிருந்தார்.

நான் தாளும் பேனாவுமாகப் போனபோது அப்பா ஒரு கணவன் மனைவிக்கு பீரோ காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, நான் ஏன் காலேஜை விடணும்? காரணம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"இப்பவா?" என்றார். பிறகு கேட்க ஆள் இருப்பதைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது. "எழுதிக்கோ. படிச்சு முடிச்சா என்ன ஆவ? வேலைக்குப் போவ. வேலைன்னா என்ன? இன்னொருத்தன் கடை. அவன் கல்லாச் சாவிய உன் கையில குடுக்க உனக்கு முடி நரைக்கணும். நான் நாளைக்கே குடுக்கறேன்."

"பொண்ணு படிக்கட்டுமேங்க" என்றார் அந்த அம்மாள்.

"படிக்கட்டும்மா, யாரு வேணாம்னா? இந்த மேல்தட்டப் பாருங்க, எவ்வளவு புத்தகம் வெச்சாலும் வளையாது." உடனே என் பக்கம் திரும்பினார். "படிப்பு எங்கயும் ஓடிடாது. அடுத்த தெரு இடம் ஓடிடும். இன்னிக்குக் காலியா இருக்கு, நாளைக்கு ஒரு செருப்புக்கடை வந்து உக்காந்துடும். அப்புறம், மரத்தத் தட்டிப் பாத்து அதோட வயசு சொல்றவ நீ. இத எந்த வகுப்புல சொல்லித் தராங்க? தெரிஞ்சத விட்டுட்டுத் தெரியாததுக்குப் போய் ஏன் பின் பெஞ்சுல உக்காரணும்?"

அந்தக் கணவர் தலையாட்டினார். அவர் தலையாட்டியது பீரோவுக்கா எனக்கா என்று தெரியவில்லை. அப்பா அதை பீரோவுக்கு என்று எடுத்துக்கொண்டு விலையை முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பு பக்கம் பக்கமாக வந்தது. என் தரப்புக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கல்லூரி ஏன் வேண்டும்? அங்கே நூலகம் பிடித்திருந்தது. உள்ளே நுழைந்தால் யாரும் என்ன வேணும், என்ன பாக்கறீங்க என்று கேட்பதில்லை. ஒன்றும் வாங்காமல் நாள் முழுக்க உட்காரலாம். இதைத் தவிர ஒரு வரி தேறவில்லை.

மறுநாள் ஆதாரத்திடம் போனேன். "எதிர்த்தரப்பு ஜெயிச்சுடுச்சு மேடம். இப்ப என்ன பண்றது?"

"ஆதாரம் எந்தப் பக்கம் போகுதோ நீயும் அந்தப் பக்கம் போகணும். மையக் கருத்த மாத்து. அதுதான் நேர்மை."

மாற்றினேன். 'நான் இந்தக் கல்லூரியை விட்டு எங்கள் குடும்பக் கடையில் சேர வேண்டும்.' முதல் பத்தி, முதல் வாக்கியம். கொடுக்கிற விலையை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். எழுதும்போது கை கூசியது. நூலகத்தை எதிர்வாதமாக வைத்து, 'பிடித்திருப்பது ஆதாரம் ஆகாது' என்று நானே அதை வெட்டினேன். நடிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். ஆதாரம் உரக்கப் படித்துக் காட்டினார். முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் 'முழுக்க நம்ப வைத்துவிட்டாய்' என்று எழுதியிருந்தது. மணி அடித்ததும் போய் நின்றேன்.

"மேடம், இதுல பாஸானதால நான் காலேஜ்ல இருக்கலாம். ஆனா பாஸான கட்டுரை போகச் சொல்லுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "அது இந்தப் பாடத்திட்டத்துல வராதும்மா" என்றார்.

நான் தேறியதற்கு அப்பா அத்தாட்சி கேட்டார். மதிப்பெண் கட்டுரையின் தலையில் இருந்தது. தலையை மட்டும் எப்படிக் காட்டுவது? கடையில் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படித்தார். தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். மேசையைக் கவிழ்த்து அடியில் பூச்சி அரித்த ஓட்டை தேடுவதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன அண்ணே, காலேஜ் பாஸா?" என்றார் சித்தப்பா. என்னை அவர் 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவார்.

"பாஸ்தான். அதான் இடிக்குது." அப்பா என்னைப் பார்த்தார். "நான் சொன்னதெல்லாம் இதுல இருக்கு."

"ஆமாம்பா."

"என்னைவிட நல்லா சொல்லியிருக்க. ஆனா ஒரு இடத்துல கூட இழுத்துப் பிடிக்கலயே நீ?"

"இழுக்க இடமில்லப்பா. எல்லாம் சரியாத்தானே இருக்கு. திங்கக்கிழமையே கடைக்கு வந்துடறேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தன் உள்ள வரான். நான் சொல்ற விலையக் கேட்டு, சரின்னு அப்படியே எடுத்து வெக்கறான். நான் என்ன பண்ணுவேன்?"

"இன்னும் ஏத்திச் சொல்லியிருக்கலாமேன்னு தூங்க மாட்டீங்க" என்றார் சித்தப்பா.

"அது அப்புறம். முதல்ல, அந்தச் சாமானப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதோ அவனுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நினைப்பேன். விக்க மாட்டேன்." என் பக்கம் குனிந்தார். "அந்தக் காலேஜ்ல என்ன இருக்கு?"

"நூலகம் இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாத இடத்துல உக்காந்தா இப்படி எழுத வருமா? யாருகிட்ட கதை விடற? ஒரு பருவத்துல என் வாதத்த என்கிட்டயே வித்துட்டுப் போற அளவுக்கு வந்துட்ட. நான் இப்ப உன்னக் கூட்டிட்டு வந்தா ஏமாளி நான்தான். போய்ப் படி."

உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிராளியின் குரல் ஏறினால் நம் குரல் இறங்க வேண்டும் என்பது எனக்குப் பால்குடி வயதுப் பழக்கம். "வேணும்னா இன்னும் ஒரு பருவம் போறேன்."

"ஒரு பருவமா? பாதி மெருகு போட்ட மேசைய எவன் வாங்குவான்?"

"ரெண்டு."

"வாய் கூசாம ரெண்டுங்கற. முழுப் படிப்பு. அதுல இம்மி குறையாது."

"அடுத்த தெருக் கடை?"

"சனி ஞாயிறு நீ வந்து நில்லு. மத்த நாள் சித்தப்பா பாத்துக்கட்டும்."

"சரிப்பா."

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. சனி ஞாயிறு ஏற்கெனவே என்னுடையதாக இருந்தது. அன்றைக்கு அவர் சொன்னவற்றுள் பேரம் பேசாமல் நான் சரி என்றது அதற்கு மட்டும்தான். அதில் மட்டும் அப்பாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இரண்டாவது கடை திறந்தாயிற்று. விற்காமல் கிடந்த ஒரு படச்சட்டத்தில் என் கட்டுரையைப் போட்டுக் கல்லாவுக்கு மேலே அப்பா மாட்டிவிட்டார். 'மரத்தின் வயதைத் தட்டிச் சொல்லும் கடை' என்ற வரிக்குக் கீழே கோடு வேறு இழுத்திருந்தார். விலை படியாதபோது, "காலேஜ் டீச்சரே முழுக்க நம்பிட்டாங்க, சிவப்புல எழுதியிருக்கு பாருங்க" என்று அதைக் காட்டுவார்.

போன சனிக்கிழமை நான் ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர், தன் மனைவி கட்டில் பார்க்கிற நேரத்தில், அந்தச் சட்டத்தின் முன் நின்று முழுவதும் படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. இந்தப் பொண்ணு இப்ப காலேஜை விட்டுட்டாங்களா?"

"இல்லீங்க, படிச்சுக்கிட்டிருக்கா" என்றார் அப்பா. "முழுப் படிப்பும்."

"விடணும்னு முதல் வரியிலயே எழுதியிருக்கே?"

அப்பா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அது சொல்ற விலைங்க. உக்காருங்க, வீடு எந்தப் பக்கம்?"