நான்காம் எண் பிரஸ்

அன்று காலை நான்காம் எண் பிரஸ்ஸின் இடது பொத்தானில் அட்டையைச் செருகியது என் கையா, என் மைத்துனன் கையா என்று எனக்கு இப்போதும் உறுதியாகத் தெரியாது. நான்தான் என்று விசாரணையில் சொன்னேன். சொல்லிச் சொல்லி அந்தக் காட்சியும் வந்து சேர்ந்துவிட்டது: சிகரெட் பெட்டியின் மூடி, மூன்றாக மடித்தது, கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஆனால் அது யாருடைய கட்டைவிரல் என்று உற்றுப் பார்த்தால் படம் கலைந்துவிடுகிறது.

எங்கள் தொழிற்சாலையில் தகட்டை அழுத்திக் கதவுக் கீல் செய்கிறோம். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள், ஒரு முழ இடைவெளியில். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒன்றில் அட்டையைச் செருகி அமுங்கியபடியே நிறுத்திவிட்டால், வலது கையால் அமுக்கிக்கொண்டே இடது கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். மணிக்கு அறுநூறு கீல் தொள்ளாயிரம் ஆகும். இதைக் கண்டுபிடித்தவன் நான், இருபத்து நான்கு வயதில். என்னை மேற்பார்வையாளன் ஆக்கியது அதற்காகத்தான். எப்படித் தொள்ளாயிரம் வருகிறது என்று மேலே யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பது வருடம் பிரஸ்களின் பின்னால் நடந்தேன். சம்மட்டி என்று எனக்குப் பட்டப்பெயர். கை மெதுவானவனின் பிடரியில் புறங்கையால் ஒன்று வைப்பேன். என் மனைவியின் தம்பியை வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான், அதிகம் அடித்ததும் அவனைத்தான். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது.

அன்றும் அடித்தேன். "அடிச்சா ஒரு தகட்டுல ரெண்டு கீல் வருமா மாமா?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. சிரிப்பு நின்றது. அதன் பிறகு நான் அவன் இயந்திரத்தின் மேல் குனிந்தேன் என்பது நினைவிருக்கிறது. எதற்குக் குனிந்தேன் என்பதுதான் இல்லை. பத்தடி நடந்திருப்பேன். பிரஸ்ஸின் சத்தம் எனக்கு என் மூச்சு மாதிரி. அந்த ஒரு அடி மட்டும் மெத்தென்று கேட்டது.

அவன் கத்தவில்லை. "மாமா, இதத் தூக்குங்க" என்றான், கனமான பெட்டிக்கு ஒரு கை கேட்பதுபோல. சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றி அச்சைத் தூக்க நான்கு நிமிடம் ஆனது. தூக்கிய பிறகுதான் கத்தினான். இடது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. அச்சுக்குள் கிடந்ததை விரல் என்றும் சொல்ல முடியாது, கீல் என்றும் சொல்ல முடியாது.

மறுநாள் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். தொழிலாளி தானே அட்டையைச் செருகிக்கொண்டான் என்று தட்டச்சு செய்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு வேலை போகும். போடாவிட்டால் எனக்கு.

"உங்களுக்கு நாப்பத்து மூணு வயசு. இந்த வயசுல வெளிய போய் என்ன செய்வீங்க? வெள்ளிக்கிழமை விசாரணை. யோசிச்சு எடுத்துட்டு வாங்க."

மூன்று நாள் அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. வீட்டில் தண்ணீர்க் குழாயின் சொட்டுகூட எண்ணும்படி கேட்டது. மூன்றாம் நாள் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி தாளைப் படித்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அட்டைய யாரு வச்சது?"

"தெரியல."

"சரி, யாரு சொல்லிக் குடுத்தது?"

என் கை எழுந்தது. அவள் விலகவில்லை. "அங்கயும் இப்படித்தான ஆரம்பிச்சீங்க" என்றாள். அடித்தேன். அலமாரிக் கைப்பிடியில் மோதி அவள் உதடு கிழிந்தது. பல்லிடுக்கில் ரத்தத்தோடு, குரலை உயர்த்தாமல், "நான் கேட்டதுக்கு இது பதில் இல்லீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை தாளைக் கையெழுத்தில்லாமல் மேஜைமேல் வைத்தேன். அட்டை வைத்தது நான் என்றேன். நான் சொல்லிக்கொடுத்தபடி எட்டு பிரஸ்ஸிலும் அட்டை இருக்கிறது, இப்போதே போய்ப் பார்க்கலாம் என்றேன். அதை வெளியிலும் சொல்லிவிடுவேன் என்று என்னை வேலையைவிட்டு அனுப்ப அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. மேற்பார்வையைப் பிடுங்கிக்கொண்டு நான்காம் எண்ணில் நிற்க வைத்தார்கள்.

அங்கே நின்ற முதல் நாள், சாப்பாட்டுக் கூடத்துக்குக் கட்டுப்போட்ட கையோடு மைத்துனன் வந்தான். வலது கை அவனுக்கு நன்றாகவே இருந்தது. இரும்புத் தண்ணீர்ச் சாடியால் முகத்தில் அடித்தான். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான். எண்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எழவில்லை. இரண்டு பற்கள் என் நாக்கின் மேல் கிடந்தன.

"அட்டைய நான் வச்சிருந்தாலும் வச்சிருப்பேன் மாமா. எனக்கும் ஞாபகம் இல்ல" என்றான் மூச்சிரைக்க. "இது அக்காவுக்கு."

அவன் போன பிறகு, அவனுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் அடிவாங்கிய ஒட்டடை (பட்டப்பெயர்தான்; ஒட்டடைக் குச்சிபோல ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான்) ஒரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான். "உக்காரு சம்மட்டி. இனி மென்னு திங்கற வேலையும் மிச்சம்." யாரோ சிரித்தார்கள். நானும் ரத்தத்தோடு சிரித்தேன். அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் முறை.

இதையெல்லாம் ஆதாயம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதற்கான விலையைக் கொடுத்தவன் நான் அல்ல. ஆனாலும் ஒன்று தெரிந்துகொண்டேன். கொடியில் துண்டை எடுக்க நான் கை தூக்கும்போதெல்லாம் என் மனைவியின் தோள் ஒரு விரற்கடை இறங்கும். எத்தனை வருடமாக இறங்கிக்கொண்டிருந்ததோ, பல் போன பிறகுதான் கண்ணில் பட்டது.

மேலாளர் வேறு கிளைக்குப் போய்விட்டார். பொத்தான்களுக்குமேல் இரும்புக் கூண்டு வைத்திருக்கிறார்கள், அட்டை நுழையாது. மைத்துனன் கிடங்கில் பொருள் கொடுக்கிறான், என்னோடு பேசுவதில்லை. என் மனைவி இப்போது அவன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் எதிரே ஒரு மணி நேரம் உட்காருகிறாள், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒட்டடை இப்போது மேற்பார்வையாளன். இதுவரை யாரையும் அடித்ததில்லை. நான் நான்காம் எண்ணில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மணிக்கு அறுநூறு கீல் அழுத்துகிறேன். அவன் என் பின்னால் வந்து நிற்கும்போது என் பிடரி தானாகக் குனிகிறது.