முள்பட்டையும் அத்தானும்

எந்தக் கட்டிடத்தில் புறாத் தொல்லை என்றாலும் வலைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். ஜன்னல் விளிம்பில் முள்பட்டை ஒட்டுவார், பால்கனிக்கு வலை கட்டுவார், ஏசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற இடுக்கை அடைப்பார். அவர் கை பட்ட இடத்தில் புறா உட்காராது என்று பேர். அந்தப் பேருக்கு வேட்டு வைத்தது சொந்த அக்கா வீடு.

வலை போட்டால் வானம் தெரியாது என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றதால், அங்கே பால்கனிச் சுவர்மேல் முள்பட்டை மட்டும் ஒட்டியிருந்தார். மாதம் திரும்புவதற்குள் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, உன் வேலைய வந்து பாத்துட்டுப் போ. கண்ணு பட்டுடும் போல இருக்கு."

போய்ப் பார்த்தார். முட்களுக்கு நடுவே குச்சிகளைச் செருகி, புறா கூடு கட்டிக்கொண்டிருந்தது. முட்டைதான் இன்னும் இடவில்லை.

"முன்னெல்லாம் குச்சி வழுக்கி விழுந்துடும். இப்ப நீ நல்லா பிடிமானம் வச்சுக் குடுத்திருக்க," என்றாள் அக்கா.

"வாடகையாவது வாங்கணும் மச்சான்," என்றார் அத்தான், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

வலைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஏதோ இடித்தது. அக்கம்பக்கத்துப் பால்கனிகளில் ஒரு எச்சம்கூட இல்லை. குனிந்து துழாவினார். பூந்தொட்டிக்குப் பின்னால் கோதுமை சிதறிக் கிடந்தது.

"அக்கா, யாரு இங்க தீனி போடுறது?"

"காலையில தையல்கடைக்குப் போனா நான் சாயங்காலம்தான் வர்றேன். எனக்கேது நேரம்?"

இருவரும் செய்தித்தாளைப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

"மேல் மாடியிலேருந்து விழுந்திருக்கும்," என்றது.

அந்த நேரம் பார்த்துப் புறா வந்து இறங்கியது. கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவு வழியாக உள்ளே நடந்து, வலைக்காரரின் காலைச் சுற்றிக்கொண்டு போய், அத்தானின் செருப்பில் ஏறி அவர் சட்டைப்பையை அண்ணாந்து பார்த்தது.

"போ... போ," என்றார் அத்தான். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையிடம் சொல்கிற குரல் அது.

அக்கா வந்து அந்தப் பைக்குள் கையை விட்டாள். கைநிறையக் கோதுமை.

"கல்யாணமான நாள்லேருந்து எனக்கு ஒரு கடலை உரிச்சுத் தந்தது கிடையாது, இந்த மனுஷன்."

"நீ கேக்கல. அது கேட்டுச்சு."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தானும் சிரித்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ரிட்டயர் ஆனதுலேருந்து பகல்ல யாருகிட்ட பேசுறேன்? அதுதான் வந்து என்னன்னு கேக்குது," என்றார்.

அக்கா எழுந்தாள். கோதுமையைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு வந்தாள்.

"நாளைக்கு என்னோட கடைக்கு வாங்க. பட்டன் தைக்க ஆள் இல்ல. பேச்சுக்கு அங்க குறைவே இல்ல."

வலைக்காரர் குச்சிகளை எடுத்துவிட்டு, இருக்கிறதே தெரியாத மெல்லிய வலையாகப் பார்த்துக் கட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டது அத்தான்தான். புறா சில நாள் வலைக்கு வெளியே நின்று முறைத்தது. அப்புறம் எதிர்க் கட்டிடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்தும் வலைக்காரருக்கு அழைப்பு வந்தது.

அந்த வேலைக்கு அளவெடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில் தையல்கடையில் எட்டிப் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவரின் சட்டைக்குப் பட்டன் வைத்தபடி, அவர் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார் அத்தான். மச்சானைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, அக்கா காதில் விழாதபடி கேட்டார்:

"அங்க யாராவது தீனி போடுறாங்களா?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல அத்தான். நல்லா கொழுத்துப்போய் இருக்கு," என்றார் வலைக்காரர்.