ஒரு சாண் தள்ளி

மிக்கேல்ராஜின் சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரும் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ரோட்டுக்கு இறங்கும் சரிவில் இருபுறமும் சுண்ணாம்படித்த கல் வரிசை. நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் பாதை. கல்லுக்கு அந்தப் பக்கம் அன்னாளின் டேலியாப் பாத்தி. காலையில் பெய்த மழையில் கல்லெல்லாம் வழுக்கிக் கிடந்தது.

முன்னால் நின்ற சுவக்கீன்தான் கேட்டார்.

"பாதைய அகலமாக்கிட்டேன்னு அண்ணன் சொன்னாரே மதினி. எனக்குப் பெட்டி தூக்க வர்றவன் காலு தட்டப்படாதுல்லான்னாரு."

அன்னாள் கல் வரிசையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக மிக்கேல்ராஜ் காலையில் கடப்பாரையோடு உட்கார்ந்து, கற்களைப் பெயர்த்து ஒரு சாண் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். சீக்காளி மனுஷனுக்கு இது என்ன கிறுக்கு, பூக்கிற செடியை இப்படியா நசுக்குவது என்று அவள் ஏசித் தீர்த்தாள். அவர் பாட்டுக்கு அடுத்த கல்லைப் பெயர்த்தார். தன் பெட்டிக்குத்தான் வழி என்று கட்டினவளிடம் எந்த வாயால் சொல்வார்? மதியம் அவர் கண்ணயர்ந்ததும் இவள் கற்களைப் பழைய இடத்துக்கே நகர்த்துவாள். மறுநாள் அவர் மறுபடி தொடங்குவார். போன வாரம் அவர் படுக்கையில் விழுந்ததும் ஜெயித்தது அன்னாள்தான். பெரிய ஜெயிப்பு!

எஸ்டேட்டில் எந்தச் சாவென்றாலும் பெட்டியின் தலைமாட்டில் ஒரு தோள் அவருடையது. ஒரு மழைக்காலம் யார் வீட்டுச் சரிவிலோ கால் இடறிப் பெட்டி சாய்ந்தது. உள்ளே உடம்பு உருண்ட சத்தம் காதை விட்டுப் போகவில்லை என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். அதெல்லாம் இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாதையில் மண்டியிட்டாள். மகள் பின்சி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். ஆம்பிளைகள் எடுத்துப்போடுவார்கள், எழுந்திரு என்றாள்.

"விடுடி. நான் வச்ச கல்லு. நானே எடுக்கேன்."

பெட்டியைத் திரும்பவும் பெஞ்சில் இறக்கினார்கள். பங்குச் சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அன்னாள் முதல் கல்லைப் பெயர்த்தாள். டேலியா இலைகளை விலக்கினால், அவர் தோண்டிய குழி அங்கேயே இருந்தது, மழைத்தண்ணீர் தேங்கி. கல் அதில் அசையாமல் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வைத்திருந்தார் பாவி மனுஷன். அவளுக்கு அழுகை பீறிட்டது, கை நிற்கவில்லை.

கடைசிக் கல்லும் உட்கார்ந்ததும் பெட்டி சரிவில் இறங்கியது. சேற்றுக் கையோடு பின்னால் நடந்த அன்னாள், நசுங்கிய செடிகளைத் தாண்டி, பெட்டியின் மூலைகளையே பார்த்துக்கொண்டு போனாள். ரோடு வரை அது ஆடவில்லை.