ஈரச்சாக்கு

இரண்டாவது பானையும் வெடித்தபோது அபிதகுசாம்பாள் அழவில்லை. சாம்பலைக் குச்சியால் கிளறித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு, தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள். அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவளிடம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, கல்யாணமாகி ஆரணிக்கு வந்த புதிதில் இருந்தது.

பெயர் நீளம் என்பதால் எல்லோருக்கும் அவள் அபிதா. கணவன் குமரேசன் பட்டுத்தறி நெய்கிறவன். மூன்றாவது ஆள் மாமியார் கிருஷ்ணம்மாள். நான்காவதாக ஒரு ஆள் வரவேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் பன்னிரண்டு வருஷப் பேச்சு. அதற்காக அபிதா சுற்றாத அரசமரம் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. மண்சோறு சாப்பிட்டாள். மூன்று வருஷம் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள். வேலூரில் ஒரு டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, அடுத்த முறை வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொன்னாள், அவருக்கும் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று. அதைக் கேட்ட கிருஷ்ணம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. சிங்கம் மாதிரி இருக்கிற தன் பிள்ளைக்கு என்ன பரிசோதனை என்று பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தாள். அதன் பிறகு வேலூர்ப் பக்கம் யாரும் போகவில்லை. குமரேசனும் வாயைத் திறக்கவில்லை. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்துவிட்டால் அவனுக்கு ஊர் உலகமே கேட்காது. கேட்காத மாதிரி இருப்பது அவனுக்கு வசதி.

தொண்ணூற்றேழாம் வருஷம் மாசி மாதம், போளூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் போனார்கள். அவர் சூரணம் ஒரு பொட்டலம் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாள் குடிக்க வேண்டும். அதில் அதிசயமில்லை, எல்லா மருந்தும் நாற்பத்தெட்டு நாள்தான். அதிசயம் பானையில் இருந்தது. குயவர் சக்கரத்தில் சுற்றிய பானை ஆகாது, சூளையில் வெந்ததும் ஆகாது. ஏரியில் கிடக்கிற மண்ணைத் தானே எடுத்து, தானே பிசைந்து, கையாலேயே வனைந்து, திறந்தவெளி நெருப்பில் தானே சுட்ட பானையாக இருக்க வேண்டும். அதில் ஊறிய தண்ணீரில்தான் சூரணத்தைக் கலக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது களம்பூர் ரைஸ்மில்களைத் தாண்டியதும் கிருஷ்ணம்மாள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"இதான் கடைசி. நாப்பத்தெட்டு நாளு பாப்போம். ஆவலன்னா நாப்பத்தொம்பதாம் நாளு களம்பூருக்கு வந்து எங்கண்ணன் பொண்ண இவனுக்குக் கேக்கப் போறேன். நீயும் கூடவே இருந்துக்கலாம். உன்ன யாரும் போன்னு சொல்லல."

அபிதா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி "சரிங்கத்தே" என்றாள். மனசில் இடி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கடைசி என்ற ஒரு வார்த்தைதான் அவள் காதில் தங்கியது. என்ன ஆனாலும் ஆகட்டும், இந்த நாற்பத்தெட்டு நாள் தொடங்கி முடிந்தால் போதும், அதற்குப் பிறகு தன் வாயில் எவரும் எதையும் ஊற்ற மாட்டார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். குமரேசன் முன் சீட்டில் தூங்குவது போல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான்.

ஏரி வற்றி, மண் ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. அவள் கடப்பாரையால் பெயர்த்துக் கூடையில் சுமந்து வந்தாள். ஒன்றரை மைல். கட்டிகளை உடைத்து ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வேரும் கல்லும் களைந்து பிசைந்தாள். களிமண்ணைத் திரியாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றி, கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினாள். ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒட்டி, பல்வலிக்காரன் முகம் போல ஒன்று எழுந்து நின்றது.

பிறகு அவள் செய்த தப்பை நெசவுக்காரி ஒருத்திதான் செய்வாள். அந்தப் பானையைத் தறி வீட்டுக்குள் வைத்துக் காயவைத்தாள். பட்டுக்கு வெயில் ஆகாது. காற்று வறண்டால் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பட் பட்டென்று அறும். அதனால் கோடையில் ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, பாவுக்குக் கீழே ஈரச்சாக்கை விரித்து வைப்பார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஈரத்தில் வளர்ந்தவளுக்கு, அருமையான பொருள் என்றால் வெயில் படாமல் வைக்க வேண்டும் என்றுதான் கை போயிற்று. பத்து நாள் பத்திரமாக வைத்திருந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் வறட்டியை அடுக்கி நெருப்பு வைத்தாள். கால் மணி நேரத்தில் அதிர்வேட்டு போட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், பத்து நாள் பாடு.

வறட்டி கொண்டுவந்து விற்கிற ராஜம்மாள்தான் விஷயத்தை விளக்கினாள். அவள் பக்கத்துக் கிராமத்துக்காரி, பத்து வருஷம் செங்கல் சூளையில் கல் அறுத்தவள். உடைந்த துண்டை எடுத்துப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"உள்ள ஈரம் இருந்தா வெடிக்காம இன்னா பண்ணும்மா? மண்ணுல மணலு சேரு. ரெண்டு நாளு நெழலு, அப்பறம் அஞ்சு நாளு நல்லா வெயிலு. கன்னத்துல வச்சிப் பாரு. சில்லுன்னு இருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம்."

மறுபடி ஏரி, மறுபடி கூடை. இந்த முறை மணல் சேர்த்தாள். பகலெல்லாம் வெயிலில் வைத்தாள். சாயங்காலம் நாய் தட்டிவிடும், பனி இறங்கும் என்று பயந்து தறி வீட்டு மூலையில் வைத்தாள். அவளுடைய விரல் நுனிகள் வெடித்துச் சொரசொரத்துப்போய், குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றும்போது பட்டு இழை விரலில் மாட்டிப் பிசிர் எழும்பியது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சுற்றினாள். எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டாவது பானையும் வெடித்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று கிருஷ்ணம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளையும் குறை சொல்லி என்ன, பக்கத்து வீட்டுத் தொட்டில் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் வயசாகிவிட்டது. குமரேசன் எழுந்து தறியில் போய் உட்கார்ந்தான்.

மூன்றாவது பானையை அபிதா யாரோ சொல்லி ஏவிவிட்டவள் மாதிரி செய்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. பங்குனி வெயில் அந்தப் பானையை ஆறு நாள் வறுத்தெடுத்தது. ஆறாம் நாள் சாயங்காலம் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, சுண்டினால் கணீரென்று இருந்தது. காலையில் சுட்டுவிடலாம் என்று மூலையில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்தும் விடியாமலும் எழுந்தவள், வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க வாளியை எடுக்கப் போனபோது தறி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே குமரேசன் குந்தி உட்கார்ந்திருந்தான். பானையைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கை மெள்ள உரித்து எடுத்துக்கொண்டிருந்தான். பாவுக்குக் கீழே போடுகிற அதே சாக்கு. எடுத்துப் பிழிந்து தறிக்கடியில் விரித்தான். பிறகு பானையின் மேல் நனைந்த தடம் தெரியாமல் தன் துண்டால் ஒற்றினான். குழந்தைக்குத் தலை துவட்டுவது போல அவ்வளவு பதமாக ஒற்றினான்.

அபிதா உள்ளே போய்ப் பானையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாழிகை வேலை என்பார்கள். இந்தத் தடிகாரன் கையில் தடிகூட இல்லை, ஒரு கோணிச் சாக்குதான். மூன்று முறை ஏரிக்குப் போனதும், மண் சுமந்த தோளும், வெடித்த விரலும் அவள் கண் முன் வந்தன. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது.

"எத்தினி நாளாங்க?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டாவதுலருந்து. மொதல் பான தானா வெடிச்சிச்சா, அப்பத்தான் தோணிச்சி. பான நின்னுட்டா அம்மா நாளு எண்ண ஆரம்பிச்சிடும் அபிதா. நாப்பத்தொம்பதாம் நாளு களம்பூருக்குக் கூட்டிகினு போயிடும். பானயே ஆவலன்னா மருந்து இல்ல. மருந்து இல்லன்னா கெடுவும் இல்ல. எனக்கு வேற வழி தெரியல."

இந்த மனுஷனுக்கு அவளைக் கைவிட மனமில்லை. அதை வாயால் சொல்ல வராமல் இருட்டில் எழுந்து சாக்கை நனைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கும் அவளே அல்லவா மண் சுமந்திருக்கிறாள்?

"உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் மூணு வாட்டி மண்ணு சொமந்திருக்க வேணாம்" என்றாள். "இன்னிக்கு இத மறுபடி வெயில்ல வைக்கப் போறேன். பக்கத்துலயே உக்காந்துகினு இருப்பேன். சுடத்தான் போறேன். ஆனா இந்த மருந்த நான் குடிக்க மாட்டேன். என்னால ஆவாதுங்க."

சொன்னபடியே மூன்று நாள் பகலில் பானையோடு வெயிலில் உட்கார்ந்தாள். ராத்திரி தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். நாலாம் நாள் ராஜம்மாள் வந்து கூட இருந்தாள். முதலில் நெருப்புக்கு நாலடி தள்ளி வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினார்கள். பிறகு இரண்டடி. பிறகு தணலுக்குள் இறக்கி, சுற்றிலும் வறட்டி அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடினார்கள். அபிதா காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை, சாமி கும்பிடவும் இல்லை. மத்தியானம் சாம்பல் ஆறியதும் குச்சியால் விலக்கினாள். ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் சிவந்து, கோணல் மாணலாக முழுசாக நின்றது. தண்ணீர் ஊற்றியதும் கசிந்தது. கஞ்சி காய்ச்சினால் அடைத்துக்கொள்ளும் என்றாள் ராஜம்மாள். பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கைக்கு அது ஒரு வேலையா? மறுநாளே கசிவு நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கிருஷ்ணம்மாள் குளித்து, விபூதி பூசி, பானைத் தண்ணீரை டம்ளரில் மொண்டு சூரணத்தைக் கலக்கி எடுத்து வந்தாள். காலண்டரில் தேதியை வட்டம் போட்டாகிவிட்டது. நாற்பத்தொன்பதாம் நாளுக்கும் ஒரு வட்டம். அபிதா அடுப்படியில் நின்றாள். குடிக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் குமரேசன் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தான். தாயின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனான். வாசலுக்கு எதிரே தெருக்குழாய். வெள்ளிக்கிழமை காலை, குடத்தோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கீழ்ப்படியில் உட்கார்ந்து ஒரு மடக்கு குடித்தான். கசப்பில் முகம் கோணிற்று.

"இன்னாப்பா குமரேசா, காலங்காத்தால மருந்து? உடம்புக்கு இன்னா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக் கமலம்.

"கொழந்த இல்லியேக்கா, அதுக்குத்தான். நாப்பத்தெட்டு நாளு" என்றான் அவன். வாழ்நாளில் அவ்வளவு உரக்க அவன் பேசி யாரும் கேட்டதில்லை. குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

கிருஷ்ணம்மாள் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். "உள்ள வாடா. பொம்பள குடிக்கிற மருந்துடா அது."

"பொட்டலத்துல யாரு பேரும் எழுதலியேம்மா. வேலூரு டாக்டரம்மா என்னையும்தான் கூப்டாங்க. நான் போவல."

"தெருவுல உக்காந்து குடிக்கிறியே. களம்பூரு வரைக்கும் போவும்டா இந்தச் சேதி. மருந்து குடிக்கிறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அவன் டம்ளரை அண்ணாந்து காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அதுக்குத்தாம்மா குடிக்கிறேன்."

கிருஷ்ணம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குழாயடியில் பேச்சு மெள்ளக் கிளம்பியது. அபிதா இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். வெளியே போகவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், கொட்டாவிதான் வந்தது. தறி வீட்டுக்குள் போனாள். பாவுக்குக் கீழே ஈரச்சாக்கு விரித்திருந்தது, குளுகுளுவென்று இருந்தது. ஓரமாகத் தரையில் தலைப்பை விரித்துப் படுத்தாள். இன்றைக்கு இனி யாரும் தன்னை எழுப்ப மாட்டார்கள் என்று தெரிந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. காலை ஏழு மணிக்குத் தூங்கியவள், சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை.