சுத்து, சுத்தம்

வீட்டுக் குழாயில் திருகுகிற வால்வு இல்லை இது. இந்தப் பட்டறையில் செய்யும் வால்வுக்குள் ஓர் ஆள் குந்தி உட்காரலாம். துரு அரிக்காமல் இருக்க, அதன் உள்சுவரில் வேறு உலோகத்தை உருக்கி வரிவரியாக அப்ப வேண்டும். முன்பு வெல்டர்கள் கையால் அப்பினார்கள். இப்போது மெஷின் அப்புகிறது. மேலிருந்து இறங்கும் கம்பத்தின் நுனியில் உலோகத்தை உருக்கும் டார்ச் அசையாமல் நிற்கும்; வால்வு மேடையோடு சுற்றும்.

மெஷின் வந்ததும் வெல்டர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார்கள். மிஞ்சியது அவனும் அவன் அக்கா புருஷனான மச்சானும். அதிலும் ஒருவர் போதும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"யாரு போனாலும் நமக்கு ஒரே சட்டிச் சோறுதான மச்சான்," என்பார் அக்கா புருஷன்.

"நீங்க போனா அக்கா எனக்குச் சோறு போடும். நான் போனா போட விடுவீங்களா?"

"யோசிச்சுத்தான் சொல்லணும்."

ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கரியைத் தேய்த்தெடுக்க வேண்டும். மெஷினை அணைத்து, சாவியை உருவிய பிறகே கை வைக்கலாம் என்பது விதி. அணைத்தால் புரோகிராம் முதலிலிருந்து ஓடும். வால்வும் ஆறிப்போய், மறுபடி சூடேற்ற அரை நாள் போய்விடும். யாரும் அணைப்பதில்லை. ஓட்டத்தை மட்டும் நிறுத்துவார்கள். மச்சான்தான் வால்வின் பக்கவாட்டுத் துளைக்குள், தோலுறை மாட்டிய கையைத் தோள்வரை விட்டு பிரஷ் போடுவார். முடிந்ததும் "சுத்தம்" என்பார். கையை உருவி, விலகி நின்று "சுத்து" என்பார். அவன் நிற்கும் பொத்தான் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார். குரல்தான் கணக்கு.

அன்று, வால்வைச் சூடாக வைக்கும் பர்னரின் இரைச்சலில் "சுத்து" என்று கேட்டது. அமுக்கினான்.

வால்வு நகர்ந்தது. கம்பம் நகரவில்லை. நடுவில் முழங்கை இருந்தது. அவர் கத்தவில்லை. டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி ஒரே தரம் "மச்சான்" என்றார்.

மருத்துவமனையில் கையை எடுத்துவிட்டார்கள். மேனேஜர் அவனைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அவரு சுத்துன்னு சொன்னாரு, நீ அமுக்கின. அப்படித்தானே?"

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு சார்."

"கேட்டது வேற, சொன்னது வேற. உனக்குத் தப்பாக் கேட்டுச்சுன்னா அவருக்கு நஷ்டஈடு வரும், நீ வேலைக்கு வர வேண்டாம். அவரே சொன்னாருன்னா அவருக்கு ஒண்ணும் வராது, மெஷின் உன்னுது. வீட்ல ஒருத்தராவது சம்பாதிக்கணும்ல?"

மச்சான் இன்னும் மயக்கத்தில் இருந்தார். சுவரில் பெயின்ட் வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொன்னாரு சார்."

அக்கா வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் கேட்டதையும் தான் சொன்னதையும் அவளிடம் ஒளிக்காமல் சொன்னான்.

"உன் காதுல விழுந்துச்சா, அவரு வாயில வந்துச்சா?"

"வீட்ல ஒருத்தராவது சம்பாதிக்கணும்லக்கா."

"நான் அதக் கேக்கல."

அவள் பக்கத்து நாற்காலியில் மச்சானின் செருப்பு வைத்த பை இருந்தது. அவன் உட்கார அவள் அதை எடுத்து வைக்கவில்லை. அவன் நின்றான். கால் கடுத்தபோது சுவரில் சாய்ந்துகொண்டான். ஷிஃப்டுக்கு நேரமானதும் அங்கிருந்தே போனான்.