ஒரு பங்கர், இரண்டு உபயகாரர்

கோப்பாயில் கதிரவேலு கட்டியதுதான் பங்கர், மற்றதெல்லாம் வெறுங்கிடங்கு. இது கதிரவேலுவின் சொந்த அபிப்பிராயம். அதைத் தானாக வாய்திறந்து சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்பவர் சொல்லும்வரை பொறுமையாகக் காத்து நிற்பார். சொல்லாவிட்டால், "மற்றவங்கள் வெட்டினதையும் பாத்தனியளே?" என்று மெல்ல எடுத்துக் கொடுப்பார்.

ஒருகாலத்தில் வீடும் மதிலும் கட்டிய கொந்தராத்துக்காரர் அவர். சண்டை வந்து, சீமெந்துக்குத் தடை வந்து, தலைக்கு மேலே குண்டு போடும் பொம்மரும் வரத் தொடங்கியபிறகு, தொழில் நிலத்துக்குக் கீழே, சனம் ஒளியும் பங்கருக்குள், இறங்கிவிட்டது. கதிரவேலு மாத்திரம் இறங்கவில்லை. அதே வெள்ளை வேட்டி, அதே சைக்கிள், அதே நிமிர்ந்த கழுத்து. பழைய சேலையில் தைத்த மண்மூட்டையை அடுக்கும்போதும், கோயிலுக்குத் தேர்முட்டி கட்டுகிறவரின் முகம் அவருக்கு இருக்கும்.

இரத்தினம்மாவின் வளவில் அவர் கட்டிய பங்கரை ஊரே வந்து பார்த்தது. முற்றிய பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கிய கூரை, அதன்மேல் ஆளுயரத்துக்கு மண், இறங்குவதற்கு வைரக்கல்லில் படி. பின்பக்கம் முழுக்க அடைத்து, குண்டுச் சிதறல் ஒன்றுகூட நுழையாதபடி ஒரே வாசல். உள்ளே இறங்கியவர்கள் தங்களை அறியாமலே குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். "கர்ப்பக்கிரகம் மாதிரியெல்லோ இருக்குது" என்று ஒரு மனுசி சொன்னதைக் கதிரவேலு பிறகு பல இடங்களில் அடக்கத்தோடு திருப்பிச் சொன்னார்.

வாசலில் ஒரு கல்லும் இருந்தது. "உபயம்: திரு. தியாகராசா, கனடா." தியாகராசா இரத்தினம்மாவின் இளைய மகன். கோயிலுக்கு மணியும் தீர்த்தக் கிணற்றுக்குக் கட்டும் செய்கிற காலம் போய், பெற்ற தாய்க்குப் பங்கர் செய்கிற காலத்திலும் உபயகாரர் பெயர் இல்லாமல் ஒரு காரியம் நிறைவாகுமா? தியாகராசா கனடாவில் ஒருவரிடம் காசைக் கட்ட, உண்டியல்காரன் கனிசியஸ் அந்தத் தொகையை இங்கே சைக்கிளில் கொண்டுவந்து கதிரவேலுவின் கையிலேயே கொடுத்தான். கணக்குத் தீர்ந்தது.

தீர்ந்த கணக்குத்தான் அடுத்த மாதம் திரும்பவும் படலையைத் திறந்துகொண்டு வந்தது.

"கொந்தராத்து அண்ணை, இரத்தினம்மா வீட்டுப் பங்கர்க் காசு" என்று கனிசியஸ் இன்னொரு பொதியை நீட்டினான்.

"உது முந்தியே தந்தாச்சடாப்பா."

"அது கனடாக் காசு. இது சுவிஸ். மூத்தவர் செல்வநாயகம் அனுப்பினது."

மூத்தவன் செல்வநாயகத்துக்கும் இளையவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லையில் நின்ற ஒரு பலாமரம் யாருடையது என்று தொடங்கி, வேலியில் முடிந்த சண்டை அது. தாய் சின்னவன் பக்கம் கதைத்துவிட்டாள் என்று மூத்தவன் சுவிசுக்குப் போனபிறகு அவளுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அப்படிப்பட்டவன், தாய்க்குக் கதிரவேலு பங்கர் கட்டப்போகிறார் என்று யாரோ ஊர்க்காரர் வாயால் கேள்விப்பட்டு, தம்பி கட்டிவிட்டான் என்று தெரியாமல், முழுச் செலவையும் தானே அனுப்பியிருக்கிறான். கனிசியஸ் வேறும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். கதிரவேலுவின் கண் பொதியில் இருந்தது.

அப்படி ஒரு காசு ஒன்றாகக் கிடப்பதை அவர் வீட்டு மேசை கண்டதில்லை. அவரும் மனைவி குணலட்சுமியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள்.

"வைச்சிருந்தா ஆருக்கும் தெரியாது" என்றார் கதிரவேலு, தன் குரலையே சோதிப்பவர்போல.

"உங்களுக்குத் தெரியுமெல்லே. கொண்டுபோய் அந்த மனுசியிட்டைச் சத்தமில்லாமல் குடுத்திட்டு வாங்கோ."

"சத்தமில்லாமல் குடுத்தா, குடுத்தது ஆருக்குத் தெரியும்?"

அவர் கேட்டதில் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பங்கர்கள் வெட்டும் பெரிய வேலை ஒன்று வரவிருந்தது. அதைக் கொடுக்கிறவர் ஊர்க்குழுத் தலைவர் நடராசா மாஸ்ரர். அவர் காதிலோ, கதிரவேலு முற்றாத வடலிப் பனைக் குற்றியை முற்றின குற்றி என்று காசு வாங்குகிறவர் என்று யாரோ ஓதிவிட்டிருந்தார்கள். அந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்து வேலை கிடைக்காது. அதன்பிறகு வேறு எந்த வேலையும் கிடைக்காது. இப்போது தெய்வமாகப் பார்த்துச் சுவிசிலிருந்து அனுப்பியதுபோல ஒரு வாய்ப்பு. மண்ணுக்குள்ளே போகவிருந்த பேரைக் காசு கொடுத்து மீட்கலாம், அதுவும் தன்னுடையதல்லாத காசைக் கொடுத்து.

ஞாயிறு காலை இரத்தினம்மாவின் வளவில் கதிரை போட்டாயிற்று. நடராசா மாஸ்ரர் சால்வையோடு வந்தார். குழுவில் நாலைந்து பேரும், கூப்பிடாமல் பத்துப் பதினைந்து பேரும் வந்தார்கள். பங்கருக்கு முன்னாலே ஒரு சின்ன மேசை. அதில் வாழையிலை, அதன்மேல் காசுப்பொதி, அதன்மேல் ஒரு செவ்வரத்தம்பூ. பூ வைத்தது கதிரவேலுவின் யோசனை. என்ன காசு, யார் அனுப்பியது என்பதை இரத்தினம்மாவுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. அதை மாஸ்ரர் பேச்சின் உச்சத்தில் சொல்வதாக ஏற்பாடு.

"இந்தக் கலிகாலத்திலே," என்று தொடங்கினார் மாஸ்ரர், "தன்னிடம் தவறி வந்த பெருந்தொகையை..."

கதிரவேலு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை வீட்டில் இரண்டு தரம் பழகியிருந்தார். தன்னுடைய நேர்மையை நினைக்க அவருக்கே மெய்சிலிர்த்தது.

அப்போதுதான் வடக்கே பலாலி விமானத்தளப் பக்கம் அந்த இரைச்சல் கேட்டது.

"பொம்மர்!" என்றது ஒரு குரல். முதலாவதாகப் பங்கருக்குள் இறங்கியவர் மாஸ்ரர். அந்த வயதில் அவ்வளவு வேகம் யாரும் எதிர்பார்க்காதது. சால்வை படியில் கிடந்தது, பிறகு அதற்குமேலே பலருடைய கால்கள். கதிரவேலு காசுப்பொதியை அள்ளிக்கொண்டு ஓடி, வாசலில் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரியைக் காணவில்லை.

இரத்தினம்மா கிணற்றடியில் எலுமிச்சை மரத்தோடு சாய்ந்து நின்றாள். கை இரண்டும் காதில்.

"அக்கா, ஓடி வாங்கோ! என்ன உது, விசர் வேலை?"

"நீ போ தம்பி. நான் இஞ்சை நிக்கிறன்."

"உங்களுக்கெண்டெல்லோ கட்டினது!"

"வடிவாய்க் கட்டியிருக்கிறாய். எனக்கு ஏலாது."

விமானம் தலைக்கு மேலே வந்துவிட்டது. கதிரவேலு என்ன நினைத்தாரோ, அவளுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு குப்புற விழுந்தார். எங்கேயோ நீர்வேலிப் பக்கம் நிலம் இரண்டு தரம் அதிர்ந்தது. எலுமிச்சையிலிருந்து காய்கள் முதுகில் விழுந்தன. அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அந்த மனுசி விழவில்லை. மரத்தைப் பிடித்தபடி, நடுங்கிக்கொண்டு, நின்றுகொண்டே இருந்தாள்.

இரைச்சல் தேய்ந்தது.

"ஒருநாளும் உள்ளுக்கை இறங்கேல்லையோ?"

"ஒருக்கா. நாலாம் படியோடை திரும்பிட்டன். சின்னனிலை கிணத்துக்கை விழுந்தனான் தம்பி. மேலை ஒரு வட்ட வெளிச்சம், வேறை வழியில்லை. அண்டையிலை இருந்து ஒரு வாசல் இடத்துக்கை போனா எனக்கு மூச்சு வராது. குண்டு விழுந்து சாகிறதெண்டா வெளியிலை சாவம் எண்டு விட்டிட்டன்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே? சின்னவனும் கேக்கேல்லை. சொன்னாச் சிரிப்பியள். பெரியவனுக்குத்தான் தெரியும். சின்னப் பெடியனாய் இருக்கேக்கை, நான் குசினிக்கை நிண்டா அவன் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து விடுவன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அது கிடக்கட்டும். உவர் மாஸ்ரர் என்ன காசெண்டு சொல்ல வந்தவர்?"

கதிரவேலு மண்ணில் இருந்தபடியே சொன்னார். பங்கருக்கு இரண்டாம் தரமும் காசு வந்ததைச் சொன்னார். அனுப்பியது செல்வநாயகம் என்றார்.

அவள் பொதியைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைப் பார்த்தாள். "பெரியவனோ? என்ரை பெரியவனோ? காசோடை வேறை ஏதும் சொல்லி விட்டவனே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த கதிரவேலுவுக்கு, கனிசியஸ் படலையடியில் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது, ஒரு வாரம் பிந்தி. "ரண்டு வாசல் வைக்கட்டாம் அண்ணை. கட்டாயமாம். ரண்டு பக்கத்தாலையும் வெளிச்சம் தெரிய வேணுமாம்." வெளிநாட்டுக் காசின் எடுப்பு, பங்கருக்கும் இரண்டு கேற் கேட்கிறான் என்று தனக்குள் சிரித்துவிட்டுக் காசைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர்.

அதை அவளுக்குச் சொன்னபோது அவருடைய குரல் ஏனோ இறங்கிவிட்டது. இரத்தினம்மா அழவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, சாமி வெளிவீதி வரும்போது நிற்பதுபோல நின்றாள். ஆயிரம் ஆயிரம் மைலுக்கு அப்பால், பனிக்குள்ளே ஒருவன், ஒரு கடிதமும் எழுதாதவன், தாய்க்கு மூச்சு முட்டுமே என்று யோசித்திருக்கிறான். பங்கர் கட்டியவர் வளவில் நின்றும் யோசிக்கவில்லை. கதிரவேலுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தத் தரம் தன்னை நினைத்து அல்ல.

மாஸ்ரர் மண் தட்டிக்கொண்டு மேலே வந்தார். "சரி, விட்ட இடத்திலை இருந்து தொடங்குவம்."

"மாஸ்ரர், பேச்சுக் கிடக்கட்டும். இந்தப் பங்கரைப் பிழையாய்க் கட்டிப்போட்டன். பின்பக்கம் உடைக்க வேணும்."

"உனக்கென்ன விசரே?" மாஸ்ரர் அவரை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார். "உன்ரை கையாலை நீயே உடைச்சா, சனம் கதைச்சது சரியெண்டு வந்திடும். பள்ளிக்கூட வேலையை நான் எப்படி உன்னட்டைத் தாறது?"

"தராட்டி விடுங்கோ."

சொல்லிவிட்டுத்தான் சொன்னதைக் கேட்டார் கதிரவேலு. வாயிலிருந்து வந்தது தன்னுடைய குரல்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டியாகிவிட்டது.

மூட்டைகளை இறக்கி, குற்றிகளைத் தள்ளி, மறுபக்கத்தால் படி வெட்டி முடிக்க அந்தக் கிழமை போயிற்று. வேலியால் எட்டிப் பார்த்த சனம், "கட்டினதிலை என்னவோ பிழையாம்" என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை கொண்டுபோனது. பள்ளிக்கூட வேலை உரும்பிராயில் வேறொருவருக்குப் போனது. குணலட்சுமி அன்றைக்கு மட்டும் அவருக்கு ஒரு முட்டை பொரித்துப் போட்டாள்.

வாசல் வெட்டிய கூலியை எடுத்துக்கொண்டு மிச்சக் காசைக் குசினி வாசலில் வைத்து இரத்தினம்மாவிடம் கொடுத்தார். சுற்றி ஒரு காகம்கூட இல்லை.

"சின்னவருக்கு அறிவிக்கிறதோ அக்கா, தமையனும் அனுப்பினதெண்டு?"

"ஐயோ, வேண்டாம். ரண்டு பேரும் தான்தான் கட்டினதெண்டு இருக்கட்டும். எத்தினை வருசத்துக்குப் பிறகு ரண்டும் ஒரு காரியத்திலை ஒத்து நிக்குதுகள். கெடுத்துப் போடாதை."

அடுத்த பொம்மர் ஒரு செவ்வாய் முற்பகல் வந்தது. கதிரவேலு அவளுடைய ஒழுங்கையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளைப் போட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து கிணற்றடிக்கு ஓடினார். எலுமிச்சை மரத்தடியில் ஒருவரும் இல்லை. பங்கர் வாசலில் குனிந்து பார்த்தார்.

இரண்டு பக்கத்தாலும் வெயில் உள்ளே இறங்கி, நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தது. அந்த வெளிச்சத்தில் சம்மணம் கட்டி இருந்து இரத்தினம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

அவர் எத்தனையோ பங்கர் வெட்டியவர். ஒரு பங்கரைப் பார்த்து வாய்பிளந்து நின்றது அன்றுதான்.

"என்ன விடுப்புப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? குனிஞ்சு வா" என்றாள் அவள், சுளகைக் கொஞ்சம் தள்ளி இடம்விட்டு. "உவன் போகுமட்டும் இதிலை இருந்து உருவு."