மலையிறங்கி வந்தவள் சொன்னது

எங்கள் ஊரில் மலையிலிருந்து இறங்கி வருகிறவரை வழிமறித்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேல எப்படி இருக்கு?" அவர் சொல்கிற பதிலை மறுபேச்சில்லாமல் நம்புவோம். பனி விழுந்திருக்கிறதா, ஓடையைத் தாண்ட முடியுமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையெல்லாம் அவர் வாயால் கேட்டுத்தான் அடுத்தவர் ஏறுவார். பெண்டாட்டியிடம் பொய் சொல்கிறவர்கள் இங்கே உண்டு. பாவமன்னிப்புக் கேட்கப் போய்ப் பாதிரியாரிடமே புளுகுகிறவர்களும் உண்டு. மலையைப் பற்றி மட்டும் யாரும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு இலாரியோ, பொழுது சாய்ந்தால் குடிக்காமல் இருக்க மாட்டான், அவன்கூட அந்த விஷயத்தில் சுத்தம்.

அதனால்தான் நேலிதா சொன்னதையும் நம்பினேன்.

நேலிதாவும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரே அடுப்பில் வெந்தவர்கள். நான் பருமன், அவள் ஒல்லி. குழந்தைகள் எங்களுக்கு வைத்த பட்டப்பெயர்களையே நாங்களும் ஒருவரையொருவர் கூப்பிட எடுத்துக்கொண்டோம். பூமியின் தென்கோடியில் இருக்கிற எங்களுக்கு ஏப்ரல்தான் இலையுதிர்காலம். ஒவ்வொரு ஏப்ரலிலும், இரவுக் குளிர் இறுகியதும், நாங்கள் இரண்டு பேரும் 'கிண்ணம்' என்று சொல்கிற இடத்துக்கு ஏறுவோம். மலைமுகட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், அது முழுக்க லெங்கா மரங்கள். ஊருக்குள் பாப்ளர் மரங்கள் மஞ்சளாவதை யாரும் சன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். லெங்கா சிவப்பதைப் பார்க்க ஏறித்தான் ஆகவேண்டும். சிவப்பு உச்சியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். நல்ல வருஷமாக இருந்தால் கிண்ணம் முழுக்கக் குங்குமம் கொட்டியது மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு பெருங்காற்று வரும், அன்றோடு முடிந்துவிடும்.

அங்கே ஒரு தட்டைக் கல். அதில் உட்கார்ந்து நான் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர் ஊற்றுவேன், அவள் பொரித்த ரொட்டியைப் பிரிப்பாள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைக் கேலி செய்கிற மாதிரி மரங்களைக் கேலி செய்வாள். "அந்தக் கிழவியப் பாரு, இந்த வருஷமும் உதட்டுச் சாயத்த அப்பிக்கிட்டு நிக்கிறா. பக்கத்துல ஒருத்தன் இன்னும் பச்சையாவே இருக்கான், இளவட்டம்னு நெனப்பு." நான் சிரித்துச் சிரித்துக் குடுவையைச் சிந்துவேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்குத் திருவிழா. புருஷன் செத்த வருஷமும் போனேன்.

மாத்தே குடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. ஊற்றுகிறவர் ஒரே குடுவையை ஒவ்வொருவராக நீட்டுவார். வாங்கி, குழலால் உறிஞ்சி, வாயைத் திறக்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். 'நன்றி' என்று சொல்லிவிட்டால், 'இனி எனக்கு வேண்டாம்' என்று பொருள். அப்புறம் குடுவை அவர் பக்கம் திரும்பாது. ஏரிக்கரையில் மரவீடுகள் கட்டி விடுதி நடத்துகிற மொன்செ, ஸ்பெயினிலிருந்து வந்த புதிதில், மாதா கோயில் கூட்டத்தில் முதல் குடுவைக்கே பணிவாக நன்றி சொல்லிவிட்டு மாலை முழுக்கக் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். நேலிதாவும் நானும் கழிவறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம். அந்த மொன்செ பின்னால் என் கதையில் இப்படி வந்து நிற்பாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

இந்த வருஷம் என் முழங்கால் மோசமாகிவிட்டது. குளிர்காலத்துக்கு விறகு பிளக்க முடியாது. வடக்கே ஃபோர்மோசாவில் இருக்கும் மகள் மரியேலா, "வந்துடும்மா, இங்க விறகே வேணாம்" என்றாள். அங்கே ஏப்ரல் என்றால் புழுக்கமும் கொசுவும்தான். குளிர்காலம் முடிகிற சமயத்தில் மரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூக்குமாம், அதைச் சொல்லி என்னை ஆசை காட்டினாள். பூ வேறு, இது வேறு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சரி என்றேன். மாதக் கடைசியில் பேருந்து. அதற்கு முன்னால் கிண்ணத்தை ஒரு தடவை பார்த்துவிடவேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தேன். முழங்காலுக்குப் பட்டை வாங்கினேன். பூட்ஸுக்கு மெழுகு தேய்த்து, அறுந்த கயிற்றை எடுத்துவிட்டுச் சிவப்புக் கயிறு கோத்து வைத்தேன்.

"நான் மொதல்ல போய்ப் பாத்துட்டு வரேன், உன்ன வீணா ஏத்தி எறக்க வேணாம்" என்று நேலிதா கிளம்பினாள். சாயங்காலம் வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மேல எப்படி இருக்கு, ஒல்லி?"

"போச்சு, குண்டம்மா."

"போச்சுன்னா?"

"சிவக்கறதுக்கு முன்னாடியே பனி விழுந்து எல்லாம் கருகிப் போச்சு. சுருண்டு தொங்குது, டீத்தூள் மாதிரி. பாக்காத. பாத்தா அதான் மனசுல நிக்கும்."

நான் அழுதுவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், அவள் தோளும் குலுங்கியது. அந்த அழுகை எதற்கு என்று இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. அன்றைக்கு அவளைத் தேற்றியது நான். ரொட்டி கொடுத்தேன். அவள் கிளம்பும்போது பூட்ஸையும் எடுத்துக் கொடுத்தேன். "ஏற வேண்டிய மலையே இல்ல, எனக்கு எதுக்கு இது. உனக்கு அளவு சரியாத்தான் இருக்கும்." அவள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் ரொட்டிக்கடையில் மொன்செ என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். நல்ல பெண், கள்ளம் தெரியாது.

"ஒதிலியா அக்கா, முழங்கால் எப்படி இருக்கு? நீங்களும் வந்திருக்கணும். வலின்னு நேலிதா அக்கா சொன்னாங்க."

"எங்க வந்திருக்கணும்?"

"கிண்ணத்துக்குத்தான். சனிக்கிழமை கூட்டிட்டுப் போனாங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு செவப்பப் பாத்ததில்ல அக்கா. இருங்க, காட்டறேன்."

செல்போனை நீட்டினாள். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. கிண்ணம் விளிம்பு வரை சிவந்திருந்தது. எத்தனையோ வருஷத்தில் அப்படி வாய்த்ததில்லை. நடுவில் எங்கள் கல். கல்லில் நேலிதா, வாய் நிறையச் சிரிப்பு. முன்னால் நீட்டிய கால்களில் என் பூட்ஸ், சிவப்புக் கயிறு.

"அழகா இருக்குல்ல?" என்றாள் மொன்செ.

"அழகா இருக்கு" என்றேன். ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் இலாரியோ வீட்டுக் கதவைத் தட்டினேன். "என்னைய வண்டியில மலையடி வேலி வரைக்கும் கொண்டு விடு."

அவன் என் கால்களைப் பார்த்தான். தோட்ட வேலைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ். "இதப் போட்டுக்கிட்டா? மேல நேத்து ராத்திரி காத்து பிச்சு உதறிடுச்சு. நான் காலையில மாடு தேடிப் போனேன். ஒரு இலைகூட இல்ல."

மலையிறங்கி வந்தவர் வார்த்தையை நம்பினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். "நானே பாத்துக்கறேன்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் வார்த்தையை நான் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் வண்டியை எடுத்தான், வேலியிலிருந்து மேலே என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினான். ரப்பர் வழுக்கியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தே நகர்ந்தேன்.

அவன் சொன்னது உண்மை. மரங்கள் மொட்டையாக நின்றன. தரையில் மெல்லிய பனி, அதன் மேல் இலைகள், நனைந்து பழுப்பாகத் தொடங்கியிருந்தன. கல்லுக்குப் பக்கத்தில் யாரோ மாத்தே சக்கையைக் கொட்டியிருந்தார்கள். அதில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. ஆரஞ்சுத் தோல் போட்டுக் குடிப்பவள் ஊரில் ஒருத்திதான்.

அங்கே நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. ஒருத்தி என் புருஷனைக் கொண்டு போயிருந்தால் ஊரே என் பக்கம் நின்றிருக்கும். இலையைப் பார்க்க விடவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள். இலாரியோ மட்டும் சிரிக்கவில்லை. சக்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விளங்கிவிட்டது. "மலையைப் பத்தியா பொய் சொன்னா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

மறுநாள் நேலிதா வந்தாள். இலாரியோ சொல்லியிருக்கவேண்டும். ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க், இன்னொரு கையில் என் பூட்ஸ். பெட்டிகளுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்தாள். எப்போதும் நான்தான் ஊற்றுவேன். அன்று அவளே குடுவையில் இலையைப் போட்டாள், தட்டினாள், ஊற்றினாள். ஆரஞ்சுத் தோல் போடவில்லை.

"திட்டு" என்றாள்.

"ஏன்னு மட்டும் சொல்லு."

குழலைத் திருகினாள். "அன்னிக்கு ஏறினப்ப பாதிதான் செவந்திருந்துது. இந்த வருஷம் பிரமாதமா வரும்னு தெரிஞ்சுது. உன்ன நெனச்சேன். நீ அங்க உக்காந்து ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் போயிட்டு வரேன்னு சொல்லுவே. அழுவே. நான் உன்னத் தேத்தணும். எறங்கறப்ப உன் காலப் பிடிக்கணும். மூணு மாசமா உன் பயணத்துக்குத்தான் நான் அழுதுக்கிட்டிருக்கேன், ஒதிலியா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சும்மா சந்தோஷமா அதப் பாக்கணும்னு இருந்துது."

"பாத்தியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன்" என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அதுதான் கொடுமை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் அந்த ஆசை வந்திருக்கும். ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து, என் முகத்தைப் பார்த்து, எல்லாம் கருகிவிட்டது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

"பூட்ஸக் கொண்டாந்துட்டேன்" என்றாள்.

"ஃபோர்மோசால பூட்ஸ் எதுக்கு? நீயே வச்சுக்கோ. அடுத்த வருஷம் ஏறணுமே. அதான் ஆள் பிடிச்சு வச்சிருக்கியே."

முகம் சிவந்தது அவளுக்கு. முதல் குடுவையை, ஊற்றுகிறவர் குடிக்கவேண்டிய கசப்பான முதல் குடுவையை, முறைப்படி அவளே குடித்தாள். இரண்டாவதை ஊற்றி என்னிடம் நீட்டினாள். சூடு சரியாக இருந்தது. அடிவரை, குழல் சத்தம் போடும்வரை உறிஞ்சினேன். அவள் ஏற்கெனவே அடுத்ததற்கு பிளாஸ்க் மூடியைத் திருகிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பிளாஸ்க் வெந்நீர் எப்போதும் போதாது. பள்ளிக்கூடச் சமையலறை நாட்களில் அதற்குத்தான் வசவு வாங்குவோம்.

குடுவையை அவள் கையில் கொடுத்தேன்.

"நன்றி, நேலிதா" என்றேன்.